சோடா விற்ற பையனும் நம்முடைய ஞாயிற்றுக்கிழமையும்

(திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மாலையில் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாரம் ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஞாயிறும் அரை நாள். மிச்சம் இருக்கிற நேரத்தில்தான் துணி துவைக்க வேண்டும், ஊருக்குப் பணம் போட வேண்டும், தூங்க வேண்டும். அந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

பேசப்போகும் தலைப்பைச் சொன்னதும் வாசலில் ஒரு தோழர் கேட்டார்: "சாதி ஒழிப்புக் கூட்டத்துல எதுக்குங்க ஃபுட்பால்?" நல்ல கேள்வி. பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு மனிதரின் கதை.

உங்களில் பலர் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் மைதானத்தில் அல்ல, திரையரங்கில். 2006-ல் வந்த 'திமிரு' படத்தில் வில்லன் கூட்டத்தில் முறைத்துக்கொண்டு நிற்பாரே, 'கொம்பன்' படத்திலும் வருவாரே, 2019-ல் 'பிகில்' படத்திலும் இருந்தாரே, அவர்தான். பெயர் ஐ.எம். விஜயன். தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு அவர் ஒரு அடியாள் முகம். கேரளத்திலும் கொல்கத்தாவிலும் கோவாவிலும் நாற்பது வயதைத் தாண்டிய எந்தக் கால்பந்து ரசிகரிடம் அந்தப் பெயரைச் சொன்னாலும் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

விஜயன் 1969 ஏப்ரல் 25 அன்று திருச்சூரில் ஒரு ஏழை தலித் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதில் திருச்சூர் நகராட்சி மைதானத்தில் போட்டி நடக்கும்போது சோடா விற்றார். ஒரு பாட்டிலுக்குப் பத்து பைசா கிடைக்கும். அந்தப் பையனின் ஆட்டத்தைப் பார்த்த அன்றைய கேரள டி.ஜி.பி. எம்.கே. ஜோசப் அவரைக் கேரள போலீஸ் அணிக்குக் கொண்டுவந்தார். அப்போது விஜயனுக்கு 17 வயது. 1987-ல் கொல்லத்தில் நடந்த தேசியப் போட்டியில் நாடு அவரைக் கவனித்தது. பிறகு மோகன் பகான், பக்வாராவின் ஜே.சி.டி. மில்ஸ், எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் பிரதர்ஸ் என்று சுற்றினார். 1993, 1997, 1999 என மூன்று முறை இந்தியாவின் சிறந்த வீரராகத் தேர்வானார். 1999 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12-வது நொடியில் கோல் அடித்தார். சர்வதேசக் கால்பந்தின் மிக வேகமான கோல்களில் அதுவும் ஒன்று. 2003-ல் ஐதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் 34 வயதில் 4 கோல் அடித்து முதலிடத்தில் நின்றார். அதோடு இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். அதே ஆண்டு அர்ஜுனா விருது. 2025-ல் பத்மஸ்ரீ.

இதுதான் கதை. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இதை எப்படிச் சொல்கின்றன? 'சோடா விற்ற சிறுவன் சிகரம் தொட்ட கதை.' உழைத்தால் உயரலாம், திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது, அவரைப் பாருங்கள் என்பார்கள். நம் ஊர் முதலாளிகள் மேடையில் ஏறினால் சொல்வதும் இதே கதைதான். ஒற்றை மிஷினோடு தொடங்கினேன், இன்று ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கிறேன். அந்த ஒற்றை மிஷினை வாங்க நிலம் எங்கிருந்து வந்தது, கடன் கொடுத்த சொந்தக்காரர் யார் என்பதெல்லாம் அந்தக் கதையில் வராது.

விஜயன் கதையிலும் அப்படிச் சில விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன. சோடாவைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தச் சோடாவை அவர் எங்கே நின்று விற்றார் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அவர் நின்றது ஒரு நகராட்சி மைதானம். ஊரின் பொதுச் சொத்து. டிக்கெட் வாங்கக் காசில்லாத ஒரு தலித் சிறுவன் சோடாக் கூடையோடு உள்ளே போக முடிந்தது, பெரிய அணிகளின் ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. அதே மைதானத்தில் 1990-ல் ஃபெடரேஷன் கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. கோவாவின் சல்காவ்கர் அணியை 2-1 என்று வென்று கேரள போலீஸ் கோப்பையை எடுத்தது. கேரளத்துக்கு அதுவே முதல் ஃபெடரேஷன் கோப்பை. அந்த அணியில் விஜயன் இருந்தார். சோடா விற்ற இடத்திலேயே சாம்பியன். அடுத்த ஆண்டும் கோப்பை அவர்களுக்குத்தான்.

இதைத் தனிமனிதச் சாதனை என்று மட்டும் சொன்னால் அந்த மைதானத்தை மறைத்துவிடுகிறோம். ஊர் நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஒரு புல்தரை இல்லாவிட்டால் விஜயன் இல்லை. குளமும் கிணறும் தெருவும் பொதுவாக இருக்க வேண்டும் என்று மகாடிலும் வைக்கத்திலும் நடந்த போராட்டங்களின் பட்டியலில் மைதானத்தையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் முதல் கருத்து.

விடுபட்டுப் போகும் இரண்டாவது விஷயம் வேலை. விஜயனை முதலில் எடுத்துக்கொண்டது பணக்காரக் கிளப் அல்ல, அரசுத் துறை. கான்ஸ்டபிள் வேலை. மாதச் சம்பளம். காலில் அடிபட்டாலும் அடுப்பு எரியும் என்ற உறுதி. கொல்கத்தா கூப்பிட்டபோது அந்த வேலையை விட்டுப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். விளையாட்டு முடிந்த பிறகு அதே காவல்துறையில் மீண்டும் சேர்ந்து, 2025 ஏப்ரலில் மலபார் ஸ்பெஷல் போலீசின் டெபுடி கமாண்டண்டாக ஓய்வு பெற்றார். ஒரு ஸ்ட்ரைக்கரின் கால்கள் முப்பத்தைந்து வயது வரை ஓடும். அதன் பிறகு வரும் முப்பது ஆண்டுகளை எந்தக் கோலும் பார்த்துக்கொள்ளாது. வேலைதான் பார்த்துக்கொள்ளும்.

கிளப்புகள் என்ன ஆயின என்று பாருங்கள். ஜே.சி.டி. என்றால் ஜகத்ஜித் காட்டன் டெக்ஸ்டைல்ஸ். நம்மைப் போலவே துணித் தொழில். பஞ்சாபின் பக்வாராவில் இருந்த அந்த மில்லின் அணி, 1996-97-ல் முதல் தேசியக் கால்பந்து லீகையே வென்றது. 2011-ல் நிர்வாகம் அணியைக் கலைத்துவிட்டது. எஃப்.சி. கொச்சின் 1997-ல் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கி, அதே ஆண்டு டூரண்ட் கோப்பையை வென்றது. சில ஆண்டுகளிலேயே பண நெருக்கடியில் மூடப்பட்டது. பம்பாயில் மஃபத்லால், ஆர்கே என்று துணி மில் அணிகள் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தன. இன்று மில்லும் இல்லை, அணியும் இல்லை. முதலாளி ஆசைப்பட்டால் அணி இருக்கும், ஆசை தீர்ந்தால் இருக்காது.

அரசு வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதே கேரள போலீஸ் அணியில் விஜயனோடு ஆடியவர் வி.பி. சத்யன். இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர். பிறகு சென்னையில் இந்தியன் வங்கிக்கு வந்தார். காயங்களும் மன அழுத்தமும் அவரை வாட்டின. 2006 ஜூலையில் பல்லாவரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41. 2017-ல் சி.கே. வினீத் என்ற இந்திய வீரரை, அலுவலகத்துக்கு வந்த நாட்கள் குறைவு என்று கணக்காயர் அலுவலகம் வேலையை விட்டு நீக்கியது. நாட்டுக்காக ஆடப் போன நாட்கள் கூட லீவுக் கணக்கில் எழுதப்படும் நாடு இது. வேலை வேண்டும். வேலையோடு, தேய்ந்துபோன உடலையும் மனதையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் வேண்டும். பதினைந்து வருடம் கட்டிங் டேபிளில் நின்று முதுகெலும்பு தேய்ந்த தோழருக்கும், முழங்கால் தேய்ந்த ஸ்ட்ரைக்கருக்கும் இந்த இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது பக்வாராவைப் பற்றி இன்னும் கொஞ்சம். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது ஜலந்தர். இந்தியாவில் கால்பந்து தயாராகும் முக்கியமான ஊர்களில் ஒன்று. 1947 பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்தவர்களோடு அந்தத் தொழில் அங்கே வந்தது. பந்தைத் தைத்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 32 துண்டுகளை ஊசி நூலால் இணைக்கும் பீஸ் ரேட் வேலை. ஜலந்தரின் பூட்டா மண்டி தோல் தொழிலுக்குப் பேர்போன தலித் குடியிருப்பு. 1920களில் மங்கு ராம் தொடங்கிய ஆதி தர்ம இயக்கம் வேர்விட்ட மண் அது.

தோலைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன சமூகம் இது. அந்தத் தோலை உரித்தவரை, பதப்படுத்தியவரை, தைத்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தியது. அதே தோல் பந்தாகி மைதானத்துக்கு வந்ததும் நெஞ்சில் வாங்குகிறார்கள், தலையால் முட்டுகிறார்கள், கோப்பையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பந்துக்குத் தீட்டு கழிந்துவிடுகிறது. அதைத் தைத்தவருக்குக் கழிவதில்லை. இந்தக் கொங்கு மண்ணில் அருந்ததியர் தோழர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. செருப்பு, பறை, கமலை இறைக்கும் தோல்பறி என எல்லாம் ஊருக்கு வேண்டும். செய்தவர் வேண்டாம்.

விஜயனுக்கு முன்னால் இன்னொருவர் இருந்தார். பல்வங்கர் பாலு. கிரிக்கெட் பந்துவீச்சாளர். தலித். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் தரையைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்து, அவர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து போட்டுத் தேறியவர். இந்துக்கள் அணிக்கு அவர் விக்கெட் வேண்டும். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே தனியாக மண் குவளையில் தேநீர். 1911-ல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். ஆனாலும் இந்துக்கள் அணிக்குக் கேப்டன் ஆக முடியவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923-ல் கேப்டன் ஆனார்.

அதே 1911-ல்தான் கொல்கத்தாவில் மோகன் பகான் அணி வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் படைப்பிரிவின் அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. அந்த வெற்றி தேசத்தின் பெருமையாகப் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. அதே வருடம் இங்கிலாந்தில் விக்கெட்டுகளைக் குவித்த பாலுவை எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளைக்காரனைத் தோற்கடித்தால் தேசம் கொண்டாடும். தேநீர்க் குவளையைப் பற்றிக் கேட்டால் தேசம் காது கேட்காததுபோல் இருக்கும்.

பாலுவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1937 தேர்தலில் அவர் காங்கிரஸ் வேட்பாளராக நின்றது யாரை எதிர்த்துத் தெரியுமா? அண்ணல் அம்பேத்கரை. தோற்றுப்போனார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் நாயகர்களை நாம் கல்லில் செதுக்கிவிடக் கூடாது. விளையாட்டில் ஒருவர் அடைந்த இடம் அரசியலாகத் தானே மாறிவிடாது. அதை அரசியலாக்கும் வேலை நம்முடையது. விஜயனும் சாதி ஒழிப்பு மேடைத் தலைவர் இல்லை. அவரிடம் அதைக் கேட்கவும் நமக்கு உரிமை இல்லை. கோல் அடித்த மனிதரிடம் போய் 'புரட்சியும் செய்து கொடு' என்று கேட்பது, அவர் தோளில் இன்னொரு கூடையை ஏற்றுவதுபோல.

கொல்கத்தா ரசிகர்கள் விஜயனுக்கு வைத்த பெயர் 'காலோ ஹரின்'. கருமான். அந்தப் பெயரில் செரியன் ஜோசப் ஓர் ஆவணப்படமும் எடுத்தார். அன்பில் வைத்த பெயர்தான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கறுப்புத் தோல் கொண்ட ஆட்டக்காரரைப் புகழும்போது நமக்கு மான், சிறுத்தை, காட்டு வேகம், பிறவித் திறமை என்ற சொற்களே வருகின்றன. மேல்சாதி ஆட்டக்காரருக்கு மூளை, நுணுக்கம், நிதானம் என்ற சொற்கள் வருகின்றன. மானுக்குப் பயிற்சி வேண்டாம், அது பிறந்ததிலிருந்தே ஓடும். ஆனால் விஜயன் பயிற்சி செய்தார். எதிரணியின் தடுப்பாட்டக்காரர் எந்தக் காலை ஊன்றப்போகிறார் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டார். அது மூளையின் வேலை. 'பிறவித் திறமை' என்று சொல்லிவிட்டால் அவருடைய உழைப்பும் அறிவும் கணக்கில் வராமல் போய்விடுகின்றன. நம் கம்பெனிகளிலும் இதுதானே நடக்கிறது? ஓவர்லாக் மிஷினில் ஒரு மணி நேரத்தில் அத்தனை பீஸ் அடிக்கும் அக்காவைப் பார்த்து, 'பொம்பளைங்க கை, தானா வந்துடும்' என்கிறார்கள். தானாக வரும் என்றால் கூடுதல் கூலி கொடுக்க வேண்டியதில்லை பாருங்கள்.

சினிமாவும் அந்த உடலை இப்படித்தான் எடுத்துக்கொண்டது. மலையாளத்தில் ஜெயராஜ் 2000-ல் எடுத்த 'சாந்தம்' படத்தில் அவருக்கு முக்கியமான பாத்திரம் கொடுத்தார். சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. தமிழில் நாம் அவர் கையில் பெரும்பாலும் அரிவாளைத்தான் கொடுத்தோம். மூன்று முறை நாட்டின் சிறந்த வீரரான ஒருவர் நம் ஊர்த் திரையில் வந்து நின்றபோது, திரையரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும்?

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம். விடுபட்டுப் போகும் மூன்றாவது விஷயம் நேரம்.

கால்பந்து எப்படித் தொழிலாளர் விளையாட்டு ஆனது தெரியுமா? இங்கிலாந்தில் 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், துணி மில்களில் பெண்களும் இளைஞர்களும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் போய்விட்டால் மிஷினை ஓட்ட முடியாது, அதனால் ஆண்களுக்கும் அந்த அரை நாள் கிடைத்தது. சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு மேட்ச் என்ற வழக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1883-ல் லங்காஷயரின் துணி நகரமான பிளாக்பர்னிலிருந்து ஓர் அணி கிளம்பிப் போனது. பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்று பெயர். நெசவாளர்களும் நூற்பாலைத் தொழிலாளர்களும் இருந்த அணி. இறுதிப் போட்டியில் எதிரே நின்றது ஓல்டு ஈட்டோனியன்ஸ். பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். மில் தொழிலாளர்கள் 2-1 என்று வென்றார்கள். அதுவரை எஃப்.ஏ. கோப்பை அப்படிப்பட்ட சீமான்கள், படை அதிகாரிகள் கையிலேயே இருந்தது. அதன் பிறகு அந்தப் பழைய மாணவர் அணிகள் கோப்பையைத் தொடவே இல்லை. இரண்டே வருடத்தில், விளையாடுவதற்குச் சம்பளம் வாங்கலாம் என்பதும் சட்டப்படி ஏற்கப்பட்டது.

பிரேசிலின் கரிஞ்சா தெரியும்தானே? வளைந்த கால்களோடு பிறந்து, பெலேயோடு சேர்ந்து உலகக் கோப்பை வென்றவர். அவரும் பாவ் கிராண்டே என்ற ஊரில் துணி மில் வேலைக்காரர். மில் அணியில்தான் ஆடத் தொடங்கினார். துணி நகரங்களுக்கும் கால்பந்துக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே இடத்தில் கூடுகிறார்கள், ஒரு பந்து போதும், ஒரு வெற்றிடம் போதும்.

அப்படியானால் திருப்பூரில் ஏன் அது நடக்கவில்லை? இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு இந்த ஊருடையது. உலகக் கோப்பை வந்தால் ரசிகர்கள் போட்டுக்கொள்ளும் டி-சர்ட்டுகளுக்கு இந்த ஊருக்கும் ஆர்டர் வருகிறது. இளைஞர்கள் இருக்கிறார்கள். பந்தும் இருக்கிறது. நேரம் இல்லை. இடமும் இல்லை.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது நினைவிருக்கிறதா? வேலை நேரத்தை 12 மணி நேரமாக நீட்டிக்க வழிசெய்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம். தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்து எழுந்ததால் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அது நல்ல வெற்றி. ஆனால் நமக்குள் பேசிக்கொள்வோம். ஒன்றரை ஷிப்ட் என்பது 12 மணி நேரம்தானே? சட்டத்தில் வராதது இந்த ஊரில் எப்போதோ வழக்கத்தில் வந்துவிட்டது. எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் நடத்த முடியாததால் நாமே ஓவர்டைம் கேட்டு வாங்குகிறோம். அதனால் எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கை கூலிக் கோரிக்கையும்தான். எட்டு மணி நேரத்தில் வாழத் தகுந்த கூலி கிடைத்தால்தான் மாலை என்ற ஒன்று நமக்கு உண்டு. மாலை இருந்தால்தான் மைதானத்துக்குப் பொருள் உண்டு.

மைதானத்துக்குப் போனாலும் பிரச்சினை முடிவதில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிக்கண்ணா கல்லூரி மைதானத்திலோ நஞ்சப்பா பள்ளி மைதானத்திலோ எல்லோரும் கலந்து ஆட முடிகிற பையன், பண்டிகைக்குச் சொந்த ஊர் போனால் ஊர் அணி வேறு, காலனி அணி வேறு. கிராமத்துப் போட்டிகளில் பனியனில் சாதித் தலைவர் படம், சாதிக்கு ஒரு நிறம். பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு. அதைத் தடை செய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-ல் பரிந்துரைத்தது. அந்தச் சாதி மாநாட்டு டி-சர்ட்டுகளும் இங்கே தைத்து, இங்கே பிரிண்ட் அடித்துத்தான் போகின்றன. பிரிண்டிங் டேபிளில் நிற்பவர் தலித்தாகவும் இருப்பார். தன்னை ஒதுக்குகிறவரின் பெருமையைத் தன் கையாலேயே அச்சடித்து, உலர்த்தி, மடித்துக் கொடுக்கிறார்.

இது 'முன்னேறிய' மாவட்டம் என்பார்கள். 2016-ல் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையம் பக்கத்தில் சங்கரை வெட்டியது இந்த மாவட்டத்தில்தான். 2018-ல் அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டதும் இந்த மாவட்டத்தில்தான். பாலுவுக்கு வெளியே வைத்த மண் குவளைக்கும் அந்தப் பள்ளிச் சமையலறைக்கும் இடையே நூறு வருடம் ஓடியிருக்கிறது. தூரம்தான் குறையவில்லை.

இன்னும் இரண்டு பேரைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது.

ஒருவர், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கும் தோழர். அவர்களில் பலர் ஆதிவாசி, தலித் மக்கள். கால்பந்தும் ஹாக்கியும் ஊர்த் திருவிழாவாக நடக்கும் நிலத்திலிருந்து வந்தவர்கள். 'வடக்கன்' என்று நாம் கேலி பேசும் அந்தப் பையன் ஊரில் நல்ல ஸ்ட்ரைக்கராக இருந்திருக்கலாம். நாம் கேட்டதுண்டா? 2023 மார்ச்சில் வதந்தி வீடியோக்கள் பரவி, வடமாநிலத் தொழிலாளர்கள் இந்த ஊரை விட்டு ரயிலேறியபோது, அவர்களோடு சேர்ந்து பந்து விளையாடிய பழக்கம் நமக்கு இருந்திருந்தால் அந்தப் பயம் அவ்வளவு சுலபமாகப் பரவியிருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொருவர், நம் கம்பெனிகளில் பாதிக்கு மேல் இருக்கும் பெண்கள். நூற்பாலை விடுதியில் தங்கியிருக்கும் பெண் கேட்டைத் தாண்டவே அனுமதி வாங்க வேண்டும். மைதானம் எங்கே? ஆனால் தமிழ்நாட்டுக் கால்பந்துக்குச் சமீப காலத்தில் பெரிய பெருமை தேடித் தந்தவர்கள் பெண்கள்தான். மாநிலப் பெண்கள் அணி 2018-ல் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றது. 2023-ல் மறுபடியும் வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். பாருங்கள், இங்கேயும் அதே இரண்டு விஷயங்கள்தான்: ஆடுவதற்கு ஓர் இடம், சம்பளத்துக்கு ஓர் அரசு வேலை.

வாசலில் தோழர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சாதி ஒழிப்புக் கூட்டத்தில் எதற்குக் கால்பந்து?

சாதி என்பது யார் எங்கே நிற்கலாம், யார் யாரைத் தொடலாம், யாருடைய நேரம் யாருக்குச் சொந்தம் என்ற ஏற்பாடு. கால்பந்து ஆட இந்த மூன்றையும் உடைக்க வேண்டியிருக்கிறது. ஒரே தரையில் நிற்க வேண்டும். தோளோடு தோள் மோத வேண்டும். நம்முடைய நேரம் நம் கையில் இருக்க வேண்டும். ஆடினால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, பாலுவின் கதையே அதற்குச் சாட்சி. ஆனால் ஆடக்கூட முடியாத இடத்தில் சாதி எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

அதனால் மூன்று காரியங்களைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, உங்கள் வார்டில் மாநகராட்சிக்குச் சொந்தமான காலி இடம் எது, அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். இரண்டு, சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலி, போனஸோடு வார விடுமுறையையும் எட்டு மணி நேரத்தையும் எழுத வையுங்கள். விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இட ஒதுக்கீட்டில் எந்தத் துறையில் எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்ற கணக்கையும் கேளுங்கள். மூன்று, ஓர் அணி தொடங்குங்கள். தமிழ், ஒடியா, இந்தி எல்லாம் கலந்த அணி. பெண்களுக்கும் ஓர் அணி. பனியனுக்கு நமக்குப் பஞ்சமில்லை, கட்டிங் வேஸ்ட்டில்கூடத் தைத்துக்கொள்ளலாம். அதில் எந்தத் தலைவர் படமும் வேண்டாம், முதுகில் நம்பர் மட்டும் இருந்தால் போதும்.

விஜயன் ஒருவர்தான் வந்தார் என்பதை அவருடைய பெருமையாக மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த மைதானத்தில் சோடா விற்ற மற்றப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதவில்லை. என் கவலை அவர்களைப் பற்றித்தான்.

அடுத்த ஞாயிறு, காலை ஆறரை மணி. வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் ஆடலாம். பந்து நான் கொண்டுவருகிறேன்.